பெரிய விமானத்தில் வரும் பெட்டிகள்

எங்கள் மாமா வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த அதே நாளில்தான் அந்தப் பெரிய சரக்கு விமானமும் திருச்சியில் வந்து இறங்கியிருந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிக் கிடந்த எங்கள் தெருவில் கொஞ்ச காலத்துக்கு அந்த இரண்டையும் யாரும் பிரித்துப் பேசவில்லை.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார். நான் ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகும் மாசி மாதத்தில் திரும்பினார். போகும்போது வெறும் ஆளாகப் போனவர், வரும்போது மாப்பிள்ளை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த ஒருவரின் மகளை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் முகம் பார்த்துக்கொண்டதோடு சரி. வைகாசியில் கல்யாணம்.

மாமா வருகிறார் என்று தெரிந்ததும் தெருவே ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்காத மாதிரியே கேட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை, முட்டி வலிக்கு வெளிநாட்டுத் தைலம்தான் கேட்கும் போலிருக்கிறது என்று அம்மாவிடம் பெருமூச்சு விட்டாள். எதிர்வீட்டுப் பெரியவர், இங்கே விற்கிற டார்ச் லைட்டெல்லாம் ஒரு போகம்கூடத் தாங்குவதில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். நான் மட்டும் நேராகவே கேட்டேன். போனைப் பிடுங்கி, சக்கரம் வைத்த பள்ளிக்கூடப் பை வேண்டும் என்றேன். "வாங்கிட்டாப் போச்சு பாப்பா" என்றார் மாமா. சொல்வதற்கு முன் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை கேட்டார். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அழைத்து வர அப்பா வேன் பிடித்திருந்தார். அறுவடை மெஷின் எங்கள் வயலுக்கு வருகிற நாள் அது. அதைக்கூடத் தள்ளிப் போட்டுவிட்டு, கூரை மேல் பெட்டிகளைக் கட்டுவதற்கென்று புது நைலான் கயிறும், மழை வந்தால் போர்த்தத் தார்ப்பாயும் எடுத்துவைத்திருந்தார். மாசியில் எங்கே மழை என்று அம்மா கேட்டதற்கு, "சாமான் நம்மளோடது மட்டுமில்லை, ஊர்ச் சாமான்" என்றார்.

நாங்கள் எதிர்பார்க்காதது, பெண்ணின் அப்பாவும் கூட வருவார் என்பது. விடிவதற்குள் முதல் பஸ்ஸில் வந்து எங்கள் வாசலில் நின்றார். "மாப்பிள்ளைய அழைக்க நானும் வர்றேன் சம்பந்தி. பட்டறைய இன்னைக்கு பசங்க பாத்துப்பானுங்க" என்றார். அதிகம் பேசாத மனிதர். விரல் நகங்களின் ஓரத்தில் வார்னிஷ் கறை போகாமல் ஒட்டியிருக்கும். வேனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். தஞ்சாவூர் வரும்வரை, தெருவில் யார் யாருக்கு என்னென்ன வரப்போகிறது என்பதை நான் அவரிடம் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து நிறுத்தினால், "அப்பறம்?" என்றார்.

விமான நிலையத்தை நெருங்கியபோது சாலையோரம் முழுக்க மோட்டார் சைக்கிள்கள் நின்றன. சுவர் தாழ்ந்த இடங்களில் ஜனங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். வேர்க்கடலை வண்டிக்காரர் ஒருவர் அதற்குள் அங்கே கடை போட்டுவிட்டார்.

"பெரிய ப்ளேன் வந்துருக்குண்ணே" என்றார் டிரைவர். "ஏதோ ஃபேக்டரி மெஷின ஏத்திட்டுப் போக வந்துருக்காம். காலைலேருந்து போன் பூரா அதான் ஓடுது."

இன்னும் நேரமிருந்ததால் வேனை ஓரம் கட்டினார். அப்பா என்னைத் தூக்கி வேன் கூரைமேல் நிறுத்தினார். பெட்டிகள் வைக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு நான் அதைப் பார்த்தேன்.

ஆகாயத்தில் போகிற விமானங்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். நகத்தளவுதான் இருக்கும். இது தரையில் படுத்துக் கிடந்தது. எங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தைவிட உயரமாக இருந்தது. இரண்டு இறக்கைகளும் பாரம் தாங்காததுபோலத் தாழ்ந்து தொங்கின. வரிசை வரிசையாகச் சின்னச் சக்கரங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மூக்கு மெதுவாக மேலே எழும்பியது. தலையையே பின்னால் சாய்த்துக்கொண்டு வாயைத் திறந்தது. உள்ளே இருட்டாக, நீளமாக, ஒரு தெருவே இருக்கிற மாதிரி இருந்தது. ஒரு லாரி பின்பக்கமாகவே அந்த வாய்க்குள் போனது. சுவரோரம் நின்ற கூட்டம் "ஓ" என்று கத்தியது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் ஊர் நெல் மூட்டை அத்தனையையும் கொண்டுவந்து உள்ளே அடுக்கினாலும் பாதி இடம் மிச்சமிருக்கும் என்று கீழே நின்று அப்பா சொன்னார். எனக்கு அழுகை வருவதுபோல இருந்தது, சந்தோஷத்தில்.

பிறகு பயணிகள் வெளியே வரும் வாசலில் போய் நின்றோம். ஒவ்வொருவராக வண்டி தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டி கொள்ளாத அட்டைப் பெட்டிகள், அவற்றைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, மேலே கறுப்பு மையில் பெரிதாகப் பெயர், ஊர், மாவட்டம். ஒருவர் உருட்டிக் கட்டிய கம்பளியோடு வந்தார். ஒவ்வொரு பெட்டியையும் அப்பா கண்ணாலேயே அளந்து பார்த்தார். கயிறு போதுமா என்ற கவலை அவருக்கு.

மாமா கடைசியில் வந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சட்டை மட்டும் புதிது, மடித்த கோடு மார்பில் அப்படியே இருந்தது. காலில் ரப்பர் செருப்பு. கையில் ஒரு துணிப்பை. அதுவும் நிறைந்திருக்கவில்லை, நடக்கும்போது காற்றில் ஆடியது.

அம்மா ஓடிப்போய் அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பா அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பெண்ணின் அப்பா துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றார். யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டது நான்தான்.

"மாமா, பெட்டியெல்லாம் எங்க?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். பார்வை அங்கிருந்து மேலே போனது. கட்டடத்துக்கு அந்தப் பக்கம் பெரிய விமானத்தின் வால் தெரிந்தது.

"பெட்டி அந்தப் பெரிய ப்ளேன்ல வருது பாப்பா" என்றார். "நாங்க வந்ததுல எடம் இல்லன்னுட்டாங்க. ரொம்ப வெயிட்டுல்ல."

அம்மாவின் கை அவர் கன்னத்திலிருந்து இறங்கியது. அப்பா தொண்டையைச் செருமினார். பெண்ணின் அப்பா மட்டும், "அதுவும் சரிதான். மொதல்ல ஆளு வந்து சேந்தாப் போதும்" என்று சொல்லி, அந்தத் துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியில் அப்பா கயிற்றுச் சுருளின் மேலேயே உட்கார்ந்து வந்தார். நான்தான் வழி முழுக்கப் பேசினேன். லாரியே உள்ளே போன இடத்தில் எங்கள் பெட்டிகள் எந்த மூலையில் இருக்கும் என்று மாமாவைக் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, அறுத்துப் போட்ட வயல்களைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். மூலையில்தான் இருக்கும் என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன கதைக்கு அளவே இல்லை. பெரிய விமானத்தைப் பார்த்தவள் வகுப்பில் நான் ஒருத்திதான். பார்த்தது மட்டுமில்லை, அதில் எங்கள் சாமான் இருந்தது. ஒரு விமானம் போதாது, எங்களுக்கென்று தனியாக ஒன்று வரவேண்டியிருந்தது! மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் என்னை முன்னால் நிற்க விட்டார்கள். தெருவிலும் நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். தைலம் பெரிய விமானத்தில் வருகிறது, டார்ச் லைட் பெரிய விமானத்தில் வருகிறது.

அதன் பிறகு தினமும் யாராவது வாசலில் நின்று கேட்டார்கள். "பெட்டி வந்துருச்சாப்பா?" மாமா முதலில், இரண்டு நாளில் வந்துவிடும் என்றார். பிறகு, கஸ்டம்ஸில் இருக்கிறது என்றார். பிறகு, அவர் வாசல் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். கொல்லை வழியாக வயலுக்குப் போய்விட்டுக் கொல்லை வழியாகவே திரும்புவார்.

பக்கத்து வீட்டு அத்தையின் மகன் என் வகுப்புதான். அவனுடைய அண்ணன் திருச்சியில் கல்லூரியில் படித்தான். அவன் வந்து சொல்லிவிட்டுப் போனதை மறுநாள் இவன் வகுப்பில் எல்லோருக்கும் சொன்னான். அந்த விமானம் மெஷினை ஏற்றிக்கொண்டு அன்றைக்கே கிளம்பிப் போய்விட்டது. அது எதையும் இறக்கவேயில்லை. ஏற்றிக்கொண்டு போகத்தான் வந்தது.

"லூசு, அதுல போய் தைலம் வருமா?" என்றான். வகுப்பே சிரித்தது.

அன்றிலிருந்து என் பெயர் 'கார்கோ'. நான் வகுப்புக்குள் நுழைந்தால் யாராவது உறுமுவார்கள், இன்னொருவன் கைகளை விரித்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஓடுவான். வருகைப் பதிவின்போது என் பெயருக்கு முன்னால் பின் பெஞ்சிலிருந்து "கார்கோ" என்று குரல் வரும். டீச்சரே ஒருநாள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன். அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லலாம் என்று போனேன். அடுப்படியில் மாமாவின் குரல் கேட்டது. வெளியிலேயே நின்றுவிட்டேன்.

"கம்பெனிய மூடிட்டாங்கக்கா. ஏழெட்டு மாசம் ஆச்சு. தங்கியிருந்த கேம்ப்ல கரண்டக்கூட புடுங்கிட்டாங்க. பக்கத்துல ஒரு பள்ளிவாசல்ல சோறு குடுத்தாங்க, அத வாங்கித்தான் சாப்பிட்டோம். கடைசில நம்மூரு ஆளுங்க சேந்து டிக்கெட் போட்டு அனுப்புனாங்க. இந்தச் சட்டகூட ஒருத்தரு குடுத்தது."

"ஏன்டா ஒரு வார்த்த சொல்லல?"

"பொண்ணு பேசிட்டோம்னு நீ போன்ல சிரிச்சியே அக்கா. எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி இதுதான்: பெட்டி என்று ஒன்று கிடையாது. சோறு வாங்கித் தின்றிருக்கிறார். யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இது வகுப்பில் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது காது இரண்டும் சூடானது. அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு" என்றாள். அதுவரை உண்மை என்று நம்பித்தான் தெருவெல்லாம் சொல்லியிருந்தேன். இனிமேல் தெரிந்துகொண்டே தெரியாது என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பெண் வீட்டுக்கு இதை எப்படிச் சொல்வது என்று அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டார்கள். நாமே நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்றார் அப்பா. அதன் பிறகு அவர்கள் என்ன முடிவு செய்தாலும் சரி என்றாள் அம்மா. மாமா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் போவதற்கு முன்பே பெண்ணின் அப்பா வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் ஏறிய நேரம். தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது. பின்னால் இரண்டு அட்டைப் பெட்டிகள். குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. மேலே கறுப்பு மையில் மாமாவின் பெயர், ஊர், மாவட்டம்.

அவர் இறங்கி, அவ்வளவு நாளில் நான் கேட்டிராத உரத்த குரலில் பேசினார். "ஏர்போர்ட்லேருந்து போன் வந்துச்சு சம்பந்தி. மாப்பிள்ள நம்பர் கிடைக்கலன்னு எனக்கு அடிச்சாங்க. பட்டறை வேலையா திருச்சி போனவன் அப்படியே எடுத்தாந்துட்டேன்."

தெரு கூடிவிட்டது. மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கோ ஓடிவிட வேண்டும் போலிருந்தது. விமானம் என்றைக்கோ போய்விட்டது. அது எதையும் இறக்கவில்லை. அது பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தெரியும், அவன் அம்மாவுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். இந்த மனிதருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது? இப்போது இவரும் சேர்ந்து எல்லோர் முன்னாலும் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று பட்டது.

பெட்டியை அவரே பிரித்தார். யார் யாருக்கு எது என்று ஒன்றுகூடத் தவறாமல் எடுத்து மாமாவின் கையில் கொடுத்து, மாமாவைக் கொண்டே கொடுக்க வைத்தார். பெரியவருக்கு டார்ச் லைட். இன்னொரு வீட்டுக்கு சென்ட் பாட்டில். பிள்ளைகளுக்குச் சாக்லேட். எனக்குச் சக்கரம் வைத்த பை. இளஞ்சிவப்பு நிறம். அதே பை மன்னார்குடிக் கடைத்தெருவில், நாங்கள் யூனிஃபார்ம் எடுக்கிற கடைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். வாங்கிக்கொண்டபோது தலையை நிமிர்த்த முடியவில்லை.

பக்கத்து வீட்டு அத்தை தைலத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பாட்டிலின் அடியில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. கடையின் பெயரும் அதிலேயே இருந்தது, எனக்கே தெரிந்தது. போச்சு என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். திறந்தபோது அத்தை அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டி எடுத்து, சின்ன உருண்டையாக உருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து, "ஃபாரின் தைலத்துக்கு வாசனையே தனிதான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

அவள் மகன் சாக்லேட்டைப் பிரித்து, "இது நம்ம கடையில..." என்று ஆரம்பித்தான். அத்தை அவன் வாய்க்குள் மீதிச் சாக்லேட்டைத் திணித்து, தலையைப் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டாள்.

பெரியவர் பட்டப்பகலில் டார்ச் லைட்டை அடித்துப் பார்த்து, வெளிச்சம் நல்ல வெளிச்சம் என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. எல்லோரும் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கப் போகிறார்கள் என்றே நினைத்தேன். அத்தை உருட்டிச் செருகிய சீட்டுகூட, நாளைக்கு எல்லோருக்கும் காட்டுவதற்காக எடுத்து வைத்த சாட்சி என்று நம்பினேன்.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. வகுப்பில் என் பெயர் மட்டும் பள்ளி மாறும்வரை மாறவில்லை.

அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் அம்மா இலை போட்டாள். பெண்ணின் அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா நின்றுகொண்டே, "சம்பந்தி, நாங்களே வந்து சொல்லணும்னுதான்..." என்று தொடங்கினார்.

"மொதல்ல சாப்புடுவோம்" என்றார் அவர். மாமா சோற்றில் கை வைக்காமல் குனிந்திருந்தார். இலையோரத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பெண்ணின் அப்பா அதைப் பார்க்காதவர்போல ரசத்துக்குக் கையைக் குவித்தார். பிறகு, தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னார்: "சாப்புடுங்க மாப்ள. வர்ற வாரத்துலேருந்து பட்டறைக்கு வாங்க. கோடை வருது, மோட்டாரெல்லாம் எரிஞ்சு வந்து குவியும். காயில் கட்ட எனக்கு ஒரு ஆள் வேணும். வைகாசிக்குள்ள கத்துக்கலாம்."

மாமா தலையாட்டினார். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார்.

அம்மாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதுகொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்று, "அழாதம்மா. இனிமே யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன். அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அழுதபடியே சிரித்தாள். அதுவும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உள்ளேயிருந்து பெண்ணின் அப்பா இன்னும் கொஞ்சம் சோறு கேட்கும் சத்தம் வந்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்து அழுதாள். என்னைப் போலவே அம்மாவும் வெட்கம் தாங்காமல்தான் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஓடிப்போய்க் கொல்லைப் படலை இழுத்துச் சாத்தினேன்.